போய்வந்த ஊரை நிறமாகத் தீட்டுவது எப்படி? அரூப ஓவியத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வெளியூர் போய்வந்தவர் படம் வரைய உட்கார்ந்தால், முதலில் கைக்கு வருவது கோபுரமோ பாலமோ மணிக்கூண்டோதான். பாரிஸ் என்றால் ஐபெல் கோபுரம், ஜெய்ப்பூர் என்றால் ஹவா மகால். அதில் தப்பில்லை. ஆனால் அஞ்சலட்டைக்காரர்கள் அந்த வேலையை எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள். பொருளின் உருவத்தை விட்டுவிட்டு நிறத்தாலும் வடிவத்தாலும் மட்டும் பேசுவது அரூப ஓவியம். அந்தக் கோபுரத்தைத் தூக்கிவிட்டால் படத்தில் அந்த ஊர் மிஞ்சுமா என்பதுதான் இங்கே நம் கேள்வி.

மிஞ்சும் என்று நிரூபித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நாம் பாடம் கேட்க வசதியானவர் பால் க்ளே. 1914 ஏப்ரலில் க்ளே, அவுகுஸ்ட் மாக்கே, லூயி முவாலியே என்ற மூன்று ஓவிய நண்பர்கள் துனிசியாவுக்குக் கப்பலேறினார்கள். தங்கியது ஏறக்குறைய இரண்டு வாரம். துனிஸ் நகரம், கடலோரத்து ஹம்மாமெத், உள்நாட்டில் கைருவான். பெட்டியில் நீர்வண்ணமும் சிறிய தாள்களும். அந்த இரண்டு வாரத்தில் க்ளே தீட்டியவை பெரும்பாலும் கையகலப் படங்கள். வெள்ளைச் சுவர், கும்மட்டம், மணல், தோட்டம் எல்லாம் அவற்றில் சதுரங்களாகவும் சாய்சதுரங்களாகவும் கரைந்து கிடக்கின்றன. நானும் நிறமும் ஒன்று, நான் ஓவியன் என்று அவர் கைருவானில் நாட்குறிப்பில் எழுதியதைக் கலை வரலாறு படிக்கிற எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்.

அந்த வரியை நம்பி ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஊருக்குப் போனவுடன் நிறம் வந்து அவரை ஆட்கொண்டுவிடவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1912இல், அவர் பாரிஸில் ரொபேர் தெலோனே என்ற பிரெஞ்சு ஓவியரின் ஓவியக்கூடத்துக்குப் போய், ஜன்னல் வழியே தெரியும் நகரத்தைத் தெலோனே வண்ணத் துண்டுகளாக உடைத்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு வந்தவர். ஒளியைப் பற்றித் தெலோனே எழுதிய கட்டுரையை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவரும் அவரே. பல ஆண்டுகள் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்தில் பழகிய கை அது. ஆயத்தத்தோடு போனார், ஊர் அந்த ஆயத்தத்துக்கு வேலை கொடுத்தது. நாமும் அதே வரிசையில் போகலாம்.

முதல் வேலை: ஒரு படத்தை ஊன்றிப் பார்ப்பது

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் க்ளேயின் 'ஹம்மாமெத்தும் அதன் மசூதியும்' என்ற 1914ஆம் ஆண்டு நீர்வண்ணம் இருக்கிறது. அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே நல்ல தெளிவில் பார்க்கலாம். உயரம் சுமார் 20 செ.மீ., அகலம் அதைவிடச் சற்றுக் குறைவு. ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துவிடலாம்.

படத்தை மனத்தில் இரண்டாக வெட்டிப் பாருங்கள். மேல்பாதியில் மசூதியும் இரண்டு கோபுரங்களும் தோட்டமும் அடையாளம் தெரிகின்றன. கீழ்ப்பாதியில் அடையாளம் தெரிகிற பொருள் ஏறக்குறைய எதுவும் கிடையாது. ஒன்றன்மேல் ஒன்று மெல்லிய நீராகப் படிந்த வண்ணத் துண்டுகள்தான். இருந்தும் கீழ்ப்பாதியைக் கண் வயல் என்றோ தோட்டம் என்றோ தானாகவே வாசித்துக்கொள்கிறது. மேலே இருக்கும் மசூதி கொடுத்த குறிப்பு அதற்குப் போதும். இப்போது மேல்பாதியைக் கையால் மறையுங்கள். கீழே இருப்பது சுத்தமான அரூபம். அப்போதும் அது குளிர்நாட்டு நிலமாகத் தெரியாது. வெயில் நாடாகத்தான் தெரியும்.

ஏன்? எந்த நிறம் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது, எதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதால். இந்தக் கட்டுரை முழுவதற்கும் அச்சாணி இந்த அளவுக் கணக்குதான். எல்லா ஊரிலும் நீலம் இருக்கிறது, செங்கல் இருக்கிறது, பச்சை இருக்கிறது. ஓர் ஊரை இன்னோர் ஊரிலிருந்து பிரிப்பது அவை சேரும் விகிதம்.

இடம் தேர்வு

உயரமான ஓரிடத்தைப் பிடியுங்கள். தெருவில் நின்றால் பெயர்ப்பலகை, முகங்கள், கடைச்சரக்கு என்று ஆயிரம் விவரம் கண்ணைப் பிடுங்கும். மேலிருந்து பார்க்கும்போது வீடுகள் தட்டையாகிக் கட்டங்களாகிவிடும். பாதி அரூப வேலையை உயரமே செய்துகொடுத்துவிடுகிறது. விடுதியின் மொட்டைமாடி, கோட்டைச் சுவர், மேம்பாலத்தில் ஊர்ந்து செல்லும் ரயில் எதுவானாலும் சரி.

ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்வோம். திருச்சி மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார் சன்னதிக்கு ஏறிப் போய் வடக்கே திரும்பி நில்லுங்கள். காலடியில் நெருக்கியடித்த மொட்டைமாடிகள், அதற்கப்பால் காவிரி, அதையும் தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள். அஞ்சலட்டைக் கண்ணுக்கு ராஜகோபுரம் மட்டுமே படும். நம் கண்ணுக்கு மொட்டைமாடிகள்தான் முக்கியம். பார்வையில் பாதிக்கு மேல் அவைதான். வெயிலில் வெளுத்த சிமென்ட், அதன்மேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், காயப்போட்ட துணிகள், யாரோ ரோஸ் நிறம் அடித்த ஒரு பக்கச் சுவர்.

ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். ஒரே நாளில் ஐந்து இடங்களைப் பார்த்துவிட்டு ஐந்தையும் ஒரு படத்தில் போட முயல்வது புதியவர்களுக்கே உரிய ஆசை. அப்படிச் செய்தால் கிடைப்பது சுற்றுலா அட்டவணைதான். ஒரு கோணம், ஒரு வேளை போதும். காலை ஏழு மணி மொட்டைமாடியும் மாலை ஐந்து மணி மொட்டைமாடியும் இரண்டு வேறு படங்கள்.

அங்கே உட்கார்ந்து எடுக்க வேண்டிய குறிப்பு

தேவை: சட்டைப்பையில் அடங்கும் நோட்டு, பென்சில், நடுவில் சதுர ஓட்டை வெட்டிய ஓர் அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு அருமையான கனம். ஓட்டை 4 செ.மீ. சதுரம் இருந்தால் போதும்.

அட்டையை ஒரு கையில் நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டை வழியே பாருங்கள். ஊர் ஒரு சட்டகத்துக்குள் வந்துவிடும். அட்டையைக் கண்ணருகே கொண்டுவந்தால் பரப்பு கூடும், தள்ளினால் குறையும். கோபுரம் சட்டகத்துக்குள் வரவே வேண்டும் என்று கட்டாயமில்லை. அது வராத சட்டகத்தை ஒருமுறையாவது எடுத்துப் பாருங்கள்.

இனி கண்ணைச் சுருக்குங்கள். இமைகள் கிட்டத்தட்ட ஒட்டும் அளவுக்கு. விவரங்கள் மங்கி, வெளிச்சத் திட்டு, இடைப்பட்ட திட்டு, இருட்டுத் திட்டு என்று மூன்று மட்டும் மிஞ்சும். அந்த மூன்றையும் தீப்பெட்டி அளவுக் கட்டத்தில் பென்சிலால் பதிவு செய்யுங்கள்: வெளிச்சத்தை வெறும் தாளாக விடுங்கள், இடைப்பட்டதற்கு லேசான கோடுகள், இருட்டுக்கு அழுத்தமான கறுப்பு. ஒரு கட்டத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம். ஜன்னல் கம்பியை எண்ணத் தொடங்கினால் கண் மறுபடி விரிந்துவிட்டது என்று பொருள்.

அடுத்தது விகிதக் குறிப்பு. இதை யாரும் சொல்லித்தருவதில்லை; ஆனால் எல்லாவற்றிலும் பயனுள்ளது இதுவே. நோட்டில் ஒரு நீளப் பட்டை போட்டுப் பத்துப் பங்காகப் பிரியுங்கள். சட்டகத்துக்குள் தெரிவதில் எந்த நிறம் எத்தனை பங்கு? மலைக்கோட்டை உதாரணத்தில் என் கணக்கு இப்படி வரும்: வெளுத்த சிமென்ட் ஐந்து பங்கு. கோடையானால் காவிரி மணல் இரண்டு பங்கு. தென்னைப் பச்சை ஒன்றரை. வானம் ஒன்று. மிச்சமிருக்கும் அரைப் பங்குக்குள் ரோஸ் சுவர், கறுப்புத் தொட்டி, நீலத் தார்ப்பாய், கொடியில் தொங்கும் சிவப்புப் புடவை எல்லாம். நேரில் பார்க்கும்போது அந்த அரைப் பங்குதான் ஊரே என்று தோன்றும். 'எவ்வளவு வண்ணமயமான ஊர்' என்று நாம் வியப்பது அதை வைத்துத்தான். அதை அரையிலிருந்து ஐந்தாக்கினால் வியப்பு போய்விடும். ஐந்து பங்குச் சாம்பல் பக்கத்தில் இருப்பதால்தான் அந்தச் சிவப்புப் புடவை சிவப்பாக இருக்கிறது.

நிறங்களுக்குக் கடைப்பெயர் எழுதாதீர்கள். 'மஞ்சள்' என்று எழுதினால் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது எந்த மஞ்சள் என்று தெரியாது. 'பழைய சுவர்ச் சுண்ணாம்பில் மழைக்கறை', 'ஆறிய டீ', 'வேப்பிலையின் பின்பக்கம்' என்று எழுதுங்கள். ஒரு நிறத்தின் பக்கத்தில் எது இருந்தது என்பதையும் கூடவே எழுதுங்கள்.

செல்போனில் படம் எடுக்கலாமா? தாராளமாக. மாக்கேயே அந்தப் பயணத்தில் கேமரா வைத்திருந்தார். கோடுகளுக்கும் வடிவங்களுக்கும் புகைப்படம் உதவும். நிறத்துக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம். போன் கேமரா தன் இஷ்டத்துக்கு வானத்தை நீலமாக்கும், பச்சையைத் தூக்கிவிடும், வெளிச்சத்தின் மஞ்சளை வெள்ளையாகத் திருத்திவிடும். நிறத்துக்கு நோட்டு, வடிவத்துக்கு போன்.

சாமான்கள்

நீர்வண்ணமா அக்ரிலிக்கா? க்ளே துனிசியாவில் நீர்வண்ணத்தில் செய்தார் என்றாலும், தொடங்குகிறவர்களுக்கு அக்ரிலிக்கைத்தான் சொல்வேன். காய்ந்தபின் கரையாது, அதன்மேல் இன்னொரு நிறம் போட்டு மறைக்கலாம். நகர ஓவியத்தில் மறைப்பதும் திருப்பிப் போடுவதும்தான் பாதி வேலை. நீர்வண்ணத்தில் அந்தச் சலுகை குறைவு.

மாணவர் தர அக்ரிலிக் போதும். ஐந்து டியூப்கள்: டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரைன் நீலம், லெமன் மஞ்சள், கிரிம்சன் சிவப்பு, பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பு. வெள்ளையை மட்டும் பெரிய டியூபாக வாங்குங்கள். மற்றதெல்லாம் முடிவதற்குள் அது முடிந்துவிடும். கடலோர ஊர் என்றால் ஆறாவதாகத் தாலோ நீலம் சேர்க்கலாம். ஆனால் குண்டூசித் தலை அளவே எடுங்கள். தட்டில் உள்ள எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும். கறுப்பு டியூப் வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியென்னாவும் சேர்ந்தால் கறுப்புக்கு மிக நெருங்கிய ஒரு நிறம் வரும். நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த நிழல், பழுப்பைக் கூட்டினால் வெதுவெதுப்பான நிழல். அதில் வெள்ளையைக் கலந்தால் ஊர் முழுவதற்குமான சிமென்ட் சாம்பல் தயார். 24 வண்ணப் பெட்டி வாங்காதீர்கள். அதிலிருக்கும் நிறங்கள் கம்பெனியின் நிறங்கள்; அவற்றை அப்படியே எடுத்துப் போடும்போது எல்லா ஊரும் அந்தக் கம்பெனியின் ஊராகிவிடும்.

தாள் 300 ஜி.எஸ்.எம். கனத்தில். அதற்குக் கீழே போனால் ஈரத்தில் நெளியும். 20 செ.மீ. சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். பெரிய கான்வாஸ் ஆசை எல்லோருக்கும் வரும், தள்ளிப் போடுங்கள். அரை அங்குலமும் ஓர் அங்குலமும் கொண்ட இரண்டு தட்டைத் தூரிகைகள், ஒரு சிறிய உருண்டைத் தூரிகை, மாஸ்கிங் டேப், பிளைவுட் துண்டு, இரண்டு தம்ளர் தண்ணீர், பழந்துணி.

நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்து தோலாகிவிடும். மூடியுள்ள எவர்சில்வர் டிபன் பாக்ஸின் அடியில் நனைத்துப் பிழிந்த துணியை விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டு, அதில் வண்ணம் கலக்குங்கள். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும். கடையில் இதற்கென்றே விற்கும் ஈரத்தட்டும் செய்வது இதையேதான்.

எலும்புக்கூடு போடுவது

தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் பிளைவுட்டில் ஒட்டுங்கள். நோட்டிலுள்ள தீப்பெட்டி ஓவியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதிலுள்ள பெரிய பிரிவுகளை மட்டும் தாளில் கோடாகப் போடுங்கள். ஐந்தாறு கோடுகளுக்கு மேல் வேண்டாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டம் என்றதும் கை சதுரங்கப் பலகையைப் போட்டுவிடும். எல்லாக் கட்டமும் ஒரே அளவானால் படம் செத்துவிடும். ஒன்று மிகப் பெரியது, இரண்டு நடுத்தரம், மீதி குறுணி என்று இருக்கட்டும். நகரமும் அப்படித்தான்: ஒரு பெரிய குளம், சில அகலத் தெருக்கள், எண்ணற்ற சந்துகள். கோடுகள் தாளின் சரிபாதியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரின் வரைபடத்துக்கு விசுவாசமாக இருக்க வேண்டுமா என்று ஒரு சந்தேகம் வரும். இதற்குப் பதில் டச்சு அரூப ஓவியர் மோந்த்ரியானிடம் இருக்கிறது. 1940இல் நியூயார்க் வந்து சேர்ந்த அவர், அங்கே கேட்ட பூகி-வூகி என்ற துள்ளல் பியானோ இசையில் சொக்கிப்போய், 1942-43இல் 'பிராட்வே பூகி வூகி'யைத் தீட்டினார். 127 செ.மீ. சதுரம். மஞ்சள் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓட, அவற்றின்மேல் சிவப்பு, நீலம், சாம்பல் சிறு கட்டங்கள் விட்டுவிட்டுத் துடிக்கின்றன. பல ஆண்டுகளாக அவர் படங்களைத் தாங்கிய கறுப்புக் கோடு இதில் காணாமல் போயிருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், மன்ஹாட்டனின் நேர்கோட்டுத் தெருக்களுக்கு இடையே சாய்வாக வெட்டிக்கொண்டு போகும் தெருவே பிராட்வேதான். அவர் படத்திலோ ஒரு சாய்கோடு கூட இல்லை. சாய்கோட்டை அவர் கொள்கையாகவே ஒதுக்கியவர். தெருவின் சாய்வை விட்டுவிட்டுத் தாளத்தை எடுத்துக்கொண்டார். வரைபடம் பொய்யாகிவிட்டது, தெரு மெய்யாகவே இருக்கிறது. ஆகவே உங்கள் ஊரில் எதை வைத்துக்கொள்வது என்று ஒன்றை முடிவு செய்யுங்கள்: நெரிசலா, வெட்டவெளியா, படிக்கட்டு ஏற்றமா? மற்றதை விட்டுக்கொடுக்கலாம்.

அந்தக் காலத்தில் மோந்த்ரியான் வண்ண ஒட்டுநாடாக்களைக் கான்வாஸில் ஒட்டி, பிரித்து, நகர்த்தி அமைப்பைத் தேடினார். நாமும் செய்யலாம். மாஸ்கிங் டேப்பை நீளவாக்கில் கிழித்து ஒல்லிப் பட்டைகளாக்கித் தாளில் ஒட்டிப் பாருங்கள். பென்சில் கோட்டை நகர்த்த ரப்பர் வேண்டும். டேப்பை நகர்த்த விரல் போதும்.

நிறம் கலப்பது

தூரிகை தாளில் படுவதற்கு முன்பே எல்லா நிறத்தையும் தட்டில் கலந்து முடித்துவிடுங்கள். விகிதப் பட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எது ஐந்து பங்கோ அதை நிறையக் கலக்குங்கள். எது அரைப் பங்கோ அதைக் கொஞ்சமாக. இப்படிச் செய்தால் தட்டே ஊரின் சாயலைக் காட்டத் தொடங்கிவிடும். தட்டில் ஊர் தெரியவில்லை என்றால் தாளிலும் தெரியப்போவதில்லை. அங்கேயே திருத்திக்கொள்வது மலிவு.

ஐந்து பங்குச் சாம்பலை ஒரே சாம்பலாகக் கலக்காமல் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் துளி கிரிம்சன், ஒன்றில் துளி நீலம், ஒன்றில் துளி மஞ்சள். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சாம்பல். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று ரோஸாகவும் ஒன்று நீலமாகவும் ஒன்று பசுமையாகவும் தெரியும். இது கண்ணின் குணம். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் கோப்லான் திரைச்சீலைத் தொழிற்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரலிடம், கறுப்புச் சாயம் சோகையாக இருக்கிறது என்று புகார் வந்தது. சாயத்தில் கோளாறு இல்லை; அந்தக் கறுப்பு நூல் நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யப்பட்டதுதான் காரணம் என்று அவர் கண்டுபிடித்தார். அண்டை நிறம் மாறினால் நிறம் மாறும் என்ற இந்தக் கண்டுபிடிப்பை அவர் 1839இல் பெரிய நூலாகவே வெளியிட்டார். தெலோனேயின் ஜன்னல்கள் அங்கிருந்து வந்தவை. தெலோனே வழியாக க்ளேயின் கைருவானும்.

நம் வேலைக்கு இதன் பொருள்: ஒரு நிறம் சரியில்லை என்று தோன்றினால், அதை மாற்றுவதற்கு முன் அதன் பக்கத்து நிறத்தை மாற்றிப் பாருங்கள். வண்ணம் பூசிய சிறு தாள் துண்டை அங்கே வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அக்ரிலிக் காயும்போது ஒரு படி இருளும். தட்டில் சரியாகத் தெரிவது தாளில் சற்று மங்கும். ஓரத் தாளில் ஒரு தீற்று போட்டுக் காயவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூசுவது

பெரியதிலிருந்து சிறியதற்கு. முதலில் நீர் கலந்த மெல்லிய பர்ன்ட் சியென்னாவைத் தாள் முழுவதும் தடவிக் காயவிடுங்கள். வெள்ளைத் தாளைப் பார்த்து வரும் தயக்கம் அதோடு போய்விடும். பின்னால் கட்டங்களுக்கு நடுவில் விட்டுப்போகும் இடுக்குகளில் வெள்ளைக்குப் பதில் மண் எட்டிப் பார்க்கும். வெயில் நாட்டு ஊருக்கு இந்த மண் அடித்தளம் நன்றாகப் பொருந்துகிறது. மழையும் மூடுபனியுமான ஊர் என்றால் நீலச் சாம்பலைத் தடவுங்கள்.

பிறகு ஐந்து பங்குக்காரர்கள். அகலத் தூரிகையால் கட்டத்தை ஒரு மூச்சில் பூசுங்கள், நீவிக்கொண்டே இருக்காதீர்கள். எல்லாக் கட்டமும் ஒரே கெட்டியில் இருக்க வேண்டாம். சிலது அடித்தளம் தெரியும் அளவுக்கு நீர்த்ததாக, சிலது சுவர் போல அடைப்பாக. ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின்தான் அடுத்தது. பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் ஹேர் டிரையர் வைத்துக்கொள்ளலாம். ஈரத்தின்மேல் ஈரமாகப் பூசினால் எல்லா நிறமும் சேர்ந்து சேறாகும். 'என் படம் ஏன் மண்டியாக வருகிறது' என்று கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இதுவே காரணம்.

கூரான விளிம்பு வேண்டிய இடத்தில் டேப் ஒட்டுங்கள். ஒட்டியபின், அடியிலுள்ள அதே நிறத்தை டேப்பின் ஓரத்தில் ஒரு தடவை தடவிக் காயவிட்டு, அப்புறம் புது நிறத்தைப் பூசுங்கள். இடுக்கில் கசிவது பழைய நிறமாகவே இருப்பதால் கோடு கத்தி போல வரும். பூச்சு முழுதாகக் காய்வதற்குள் டேப்பைச் சாய்வாக, மெதுவாக உரியுங்கள். ஆனால் எல்லா விளிம்பும் கத்தியாக இருந்தால் படம் ஓடு பதித்த தரையாகிவிடும். சில விளிம்புகள் கையால் போட்டவையாக, கொஞ்சம் தள்ளாடட்டும்.

அரைப் பங்கு நிறத்தைக் கடைசிவரை தொடாதீர்கள். அந்தச் சிவப்புப் புடவை படத்தில் ஒரே ஓரிடத்தில், விரல்நகம் அளவில் விழ வேண்டும். எங்கே என்பதை நிறம் பூசிய தாள் துண்டை அங்குமிங்கும் நகர்த்தித் தீர்மானியுங்கள். நடுவில் வைத்தால் பொட்டு போலாகிவிடும். ஓரத்துக்குச் சற்று உள்ளே தள்ளி வைத்துப் பாருங்கள்.

எப்போது நிறுத்துவது, எப்படித் திருத்துவது

படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். கோபுரம் எங்கே, ஆறு எங்கே என்று மூளை தேடுவது நின்றுவிடும். எந்த மூலை கனக்கிறது, எது காலியாக இருக்கிறது என்பது மட்டும் தெரியும். தலைகீழாகவும் நன்றாக இருந்தால் அமைப்பு சரி. மோந்த்ரியானின் 'நியூயார்க் சிட்டி 1' என்ற ஒட்டுநாடாப் படம் பல பத்தாண்டுகளாகத் தலைகீழாகவே மாட்டப்பட்டிருந்தது என்று 2022இல் ஜெர்மனியின் ட்யூசெல்டோர்ஃப் அருங்காட்சியகம் அறிவித்தது. நாடாக்கள் பலவீனமாகிவிட்டன, திருப்பினால் உதிரக்கூடும் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், இத்தனை காலம் தலைகீழாக நின்றும் யாரையும் உறுத்தாத அமைப்பு என்றால் அதுவும் ஒரு சான்றிதழ்தான்.

அடுத்தது கத்தரிக்கோல். நோட்டு எடுக்கும்போது வெட்டிய ஓட்டை அட்டையைப் போல இன்னும் பெரிதாக ஒன்று வெட்டி, முடிந்த படத்தின்மேல் நகர்த்திப் பாருங்கள். முழுப் படத்தைவிட அதன் ஒரு மூலை நன்றாக இருந்தால் அந்த மூலையை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். க்ளேயும் முடித்த படங்களை வெட்டித் துண்டுகளை இடம் மாற்றி ஒட்டியவர்தான். தாளில் வேலை செய்வதன் பெரிய வசதி இது.

வெட்ட மனமில்லையென்றால் மூடலாம். நிறைய விஷயம் சேர்ந்து இரைச்சலாகிவிட்ட பகுதியின்மேல் ஒரே சாம்பலை அகலமாக இழுத்துவிடுங்கள். அடியிலுள்ளது லேசாகத் தெரிய நீர்த்துப் பூசினால், வெள்ளையடித்த பழஞ்சுவரின் தன்மை தானாக வந்துவிடும்.

'வண்ணமயம்' என்ற சொல்லைக் கண்டு பயப்படாமல் இருக்க ஓர் எதிர் உதாரணமும் சொல்லிவிடுகிறேன். 1960களின் தொடக்கத்தில் இந்திய ஓவியர் ராம் குமார், சக ஓவியர் எம்.எஃப். ஹுசைனோடு காசிக்குப் போனார். அதுவரை சோகம் கவிந்த நகரத்து மனிதர்களைத் தீட்டிவந்தவரின் படங்களிலிருந்து காசிக்குப் பிறகு மனிதர்கள் விலகிப் போனார்கள். படித்துறையும் நெருங்கிய வீடுகளும் சாம்பல், பழுப்பு, மங்கிய நீலத் தகடுகளாயின. காசியைக் காவியும் குங்குமமுமாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது அதிர்ச்சி. அவருடைய விகிதம் அது. அடங்கிய நிறங்களுக்குள் ஒரு துளி வெளிச்சம் வரும்போது அதன் ஜொலிப்பே தனி. உங்கள் ஊரின் பட்டையில் பத்துக்கு ஒன்பது மங்கலாக விழுந்தால் அப்படியே தீட்டுங்கள்.

பெயரும் எண்ணும்

படத்தின் பின்பக்கத்தில் ஊர், வேளை, தேதி, ஒரு வரிசை எண் எழுதுங்கள். க்ளே 1911 முதல் தன் படங்களுக்குக் கையெழுத்துப் பட்டியல் ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஆண்டும் எண்ணும். தலைப்பு வைக்கும்போது 'கனவு', 'பயணம்', 'நினைவலைகள்' போன்றவற்றைத் தவிர்க்கலாம். அவை எந்தப் படத்துக்கும் பொருந்தும். 'மலைக்கோட்டை, வடக்கே, காலை' என்றால் பார்க்கிறவர் அந்தச் சாம்பல் கட்டங்களுக்குள் தானே இறங்கிவிடுவார்.

காய்ந்து ஒரு வாரம் ஆனபின் மேட் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் நிறங்களின் பளபளப்பு சமமாகும். சட்டகம் போடுவதானால் கண்ணாடி படத்தில் ஒட்டாமல் இருக்க நடுவில் மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். நம் ஈரப்பதத்தில் இது கட்டாயம். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம்.

அடுத்த படத்துக்கு உடனே வேறு ஊர் தேடாதீர்கள். அதே எலும்புக்கூட்டை இன்னொரு 20 செ.மீ. தாளில் அச்சாக எடுத்து, மாலை நேரத்து விகிதத்தை மட்டும் போடுங்கள்: சிமென்ட் ஐந்து பங்கு அப்படியே, ஆனால் துளி நீலம் கலந்த சாம்பல் இப்போது ரோஸை நோக்கி, மணல் இரண்டு பங்கு இருண்டு, வானம் ஒன்றிலிருந்து ஒன்றரைக்கு, தென்னை ஒன்றுக்கு. இரண்டையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஊர் எதுவென்று சொல்லாமல், எது காலை எது மாலை என்று மட்டும் வீட்டில் யாரையாவது கேளுங்கள். சரியாகச் சொல்லிவிட்டால் மூன்றாவது தாளை வெட்டலாம். சொல்ல முடியவில்லை என்றால் கோளாறு அனேகமாக ஐந்து பங்குச் சாம்பலில்தான் இருக்கும். அங்கிருந்து திருத்தத் தொடங்குங்கள்.